ரிப்போர்ட்டில் 4 என்று போட்டிருந்தால் கான்சரா? பிள்ளைகளின் சூலகக் கட்டியை ஸ்கேனில் எப்படிப் பார்க்கிறோம்

கேள்வி சுருக்கமாக இதுதான். வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்கு 12 வயது, பெரியபிள்ளையாகி ஐந்து மாதம். நான்கு நாளாக இடது அடிவயிற்றில் குத்து. தனியார் இடமொன்றில் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். "இடது சூலகத்தில் 6.4 சென்டிமீட்டர் கொம்ப்ளெக்ஸ் சிஸ்ட், ஓ-ராட்ஸ் 4, புற்றுநோய் வைத்தியரின் ஆலோசனை பெறவும்" என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இரத்தத்தில் சிஏ 125 பார்த்தால் 48. ஓ-ராட்ஸ் 4 என்றால் 50 சதவீதம் புற்றுநோய் என்று இணையத்தில் போட்டிருக்கிறதாம். மச்சாள் சென்னைக்குக் கொண்டுபோய் உடனே சூலகத்தை எடுத்துவிடச் சொல்கிறாராம். "அக்கா, இது கான்சரா? எடுத்துவிடுவதா? இன்னும் ரெண்டு மாசத்தில அவளுக்குச் சலங்கைப் பூஜை வேற இருக்கு, ஆட விடலாமா?"

தங்கச்சி, முதலில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து வாசியுங்கள். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். நான் கொழும்பில் ஸ்கேன் பார்க்கும் வைத்தியர், என் நாளில் பாதி சின்னப் பிள்ளைகளின் வயிற்றில்தான் போகிறது. உங்கள் பிள்ளையின் படங்களைப் பார்க்காமல் இது இன்னது என்று பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதிய அந்த மூன்று வரி ரிப்போர்ட்டில் எது கனமான செய்தி, எது வெறும் சத்தம் என்று பிரித்துக் காட்டலாம்.

முதலில் அந்த 4. ஓ-ராட்ஸ் என்பது அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2020-இல் வெளியிட்டு, 2022-இல் திருத்திய ஒரு தரப்படுத்தல். சூலகத்தில் ஏதாவது தெரிந்தால் ஆளுக்கொரு மாதிரி எழுதாமல் எல்லோரும் ஒரே அளவுகோலில் எழுத வேண்டும் என்பதற்காகச் செய்தது. 1 என்றால் இயல்பான சூலகம். 2 என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே. 3 என்றால் ஒன்றிலிருந்து பத்துக்குள். 4 என்றால் பத்திலிருந்து ஐம்பதுக்குள். 5 என்றால் ஐம்பதும் அதற்கு மேலும். ஆக 4 என்பது "50 சதவீதம்" இல்லை, பத்தில் தொடங்கும் ஒரு அகலமான பெட்டி. இணையத்தில் எப்போதும் பெட்டியின் மேல் விளிம்பைத்தான் எடுத்துப் போடுவார்கள், அதுதான் கண்ணில் குத்தும்.

ஆனால் அதைவிடப் பெரிய விஷயம், இந்தச் சதவீதங்கள் யாரிடமிருந்து வந்தவை என்பது. ஐரோப்பாவில் தொடங்கிய ஐயோட்டா என்ற ஆய்வுக் குழு ஆயிரக்கணக்கான வளர்ந்த பெண்களைப் பரிசோதித்துச் சேர்த்த தரவுகளின்மேல்தான் இந்தத் தரப்படுத்தல் நிற்கிறது. மாதவிடாய் நின்றவரா நிற்காதவரா என்று பிரித்துத்தான் அது என்ன செய்ய வேண்டும் என்றே சொல்கிறது. திடீர் வயிற்றுக்குத்து மாதிரி அவசர அறிகுறி எதுவும் இல்லாத, சராசரி ஆபத்துள்ள பெண்ணை மனதில் வைத்துத்தான் அதை எழுதினார்கள். உங்கள் மகளுக்கு 12 வயது, நான்கு நாள் குத்தோடு வந்திருக்கிறாள். இரண்டு விதத்திலும் அந்தச் சட்டைக்கு அளவெடுத்தவள் அவள் இல்லை. பிள்ளைகளுக்கு ஓ-ராட்ஸ் பாவிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, நானும் பாவிக்கிறேன். 2 வந்தால் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம். 4 வந்தால் "வடிவாகத் திருப்பிப் பார்" என்று எனக்கே நான் சொல்லிக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

ஏன் வயது இவ்வளவு பெரிய விஷயம்? வளர்ந்த பெண்களுக்கு வரும் சூலகப் புற்றுநோயில் பத்தில் ஒன்பது பங்கு சூலகத்தின் மேல்தோலிலிருந்து வருவது. பிள்ளைகளில் அது மிக அரிது. இவர்களுக்கு வருபவை பெரும்பாலும் முட்டையாக வளர வேண்டிய மூலக் கலங்களிலிருந்து கிளம்புபவை, அடுத்தபடியாக ஹோர்மோன் சுரக்கும் கலங்களிலிருந்து. மரமே வேறு, ஆகவே காயும் வேறு. வளர்ந்தவர்களில் நாங்கள் பயந்து தேடும் சின்னச் சின்னப் பருக்கள் போன்ற உள்முளைகள் பிள்ளைகளில் அவ்வளவாகத் தெரிவதில்லை. பிள்ளைகளில் கெட்ட கட்டி என்றால் அநேகமாக ஒரு பெரிய, தசை போல் திண்மையான பிண்டம், உள்ளே இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்.

உங்கள் சிஏ 125-உம் இதே கதைதான். அது அந்த மேல்தோல் புற்றுநோய்க்கான குறி. 35-க்குக் கீழே இருந்தால் சரி என்பார்கள். ஆனால் மாதவிடாய் நேரத்தில் ஏறும், அப்பெண்டிக்ஸ் வீங்கினால் ஏறும், சிஸ்ட்டுக்குள் இரத்தம் கசிந்தாலும் ஏறும். வயிற்றுக்குத்தோடு வந்த 12 வயதுப் பிள்ளைக்கு 48 என்பதை வைத்து நான் ஒரு முடிவுக்கும் வரமாட்டேன். அவளுக்குப் பார்க்க வேண்டிய இரத்தப் பரிசோதனைகள் வேறு, ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் என்று மூன்று. பிள்ளைகளுக்கு வரும் கட்டிகள் இரத்தத்தில் காட்டும் குறிகள் இவை, பிறகு வருகிறேன்.

இனி ரிப்போர்ட்டில் எனக்குப் பிடிக்காத சொல், "கொம்ப்ளெக்ஸ்". தண்ணீர் மட்டும் இல்லை, உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்பதைத் தவிர அதில் ஒரு செய்தியும் இல்லை. இரத்தக்கட்டி இருந்தாலும் கொம்ப்ளெக்ஸ், கொழுப்பும் மயிரும் இருந்தாலும் கொம்ப்ளெக்ஸ், புற்றுநோய் இருந்தாலும் கொம்ப்ளெக்ஸ். வீட்டில் என்ன சமையல் என்று கேட்டால் "சாப்பாடு" என்று பதில் சொல்வது போல. உள்ளே என்ன தெரிந்தது, எங்கே ஒட்டியிருந்தது, இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டொப்ளரைப் போட்டபோது அதற்குள் இரத்தம் ஓடியதா என்று எழுதியிருந்தால்தான் எங்களுக்குப் பிடி கிடைக்கும். நீங்கள் அனுப்பிய வரிகளில் டொப்ளர் என்ற பேச்சே இல்லை.

ஸ்கேன் அறையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நிறையத் தாய்மார் தயங்கித் தயங்கிக் கேட்பது, "உள்ளுக்கு ஏதும் விடுவீங்களா டொக்டர்?" இல்லை. பிள்ளைகளுக்கு வயிற்றின் மேலால் மட்டும்தான். அதற்குச் சலப்பை நிறைய வேண்டும். நிறைந்த சலப்பை குடலைத் தள்ளிவிட்டு, சூலகத்தைப் பார்க்க ஒரு ஜன்னல் மாதிரி நிற்கும். அரை போத்தல் தண்ணீரைக் குடித்துவிட்டுக் காலி வீதி நெரிசலில் முக்கால் மணி நேரம் இருந்து வரும் பிள்ளை, கதவடியில் நின்று கால் மாற்றிக் கால் மாற்றி ஆடும். பாவம்தான், ஆனால் அந்தப் பிள்ளைக்குத்தான் நல்ல படம் வரும். கதிர்வீச்சு எதுவும் இல்லை, வெறும் ஒலி. ஜெல்லைக் கொஞ்சம் சூடாக்கிப் பூசச் சொல்லுங்கள், ஏசி அறையில் குளிர்ந்த ஜெல் பட்டால் வயிறு இறுகிவிடும், பாதி நேரம் அதிலேயே போகும். ஒல்லியான பிள்ளைகள் எங்களுக்கு வரப்பிரசாதம், வளர்ந்தவர்களுக்குப் பாவிக்க முடியாத நுணுக்கமான புரோப்பை (வயிற்றில் வைத்துத் தேய்க்கும் கருவி) வைத்தே பார்த்துவிடலாம்.

ஒரு வேடிக்கையும் உண்டு. மிகப் பெரிய, சுத்தமான நீர்க்கட்டி இருந்தால் அதையே சலப்பை என்று நினைத்து "சூலகங்கள் இயல்பு" என்று எழுதிவிடும் ஆபத்து. ஆகவே சந்தேகம் வந்தால் பிள்ளையைச் சலம் போய்விட்டு வரச் சொல்லி மறுபடி வைப்பேன். போனபிறகும் அதே இடத்தில் அதே வட்டம் இருந்தால், அது சலப்பை இல்லை.

சரி, படத்தில் நான் தேடுவது முதலில் ஒன்றே ஒன்று. அது தண்ணீரா, திண்மையா? முழுவதும் கறுப்பாக, மெல்லிய சுவரோடு, உள்ளே ஒன்றும் இல்லாமல் இருந்தால் அது நீர்க்கட்டி. மூன்று சென்டிமீட்டர் வரை உள்ளதைக் கட்டி என்று சொல்லவே கூடாது, பெரியபிள்ளையான பிள்ளைகளில் அது மாதாமாதம் வளரும் முட்டைப்பை. பெரியபிள்ளையாகி முதல் ஒன்றிரண்டு வருடம் ஹோர்மோன்கள் இன்னும் ஒழுங்குக்கு வராத காலம். முட்டை வெளியேறாமல் பை மட்டும் வீங்கிக்கொண்டே போவது அந்த வயதில் சகஜம். பச்சைக் குழந்தைகளிலும் தாயின் ஹோர்மோனால் நீர்க்கட்டி வரும், பெரும்பாலும் சில மாதத்தில் தானாக வற்றிவிடும்.

அடுத்து, அந்தப் பைக்குள் இரத்தம் கசிந்தால். உங்கள் பிள்ளையின் வயது, குத்து, அளவு மூன்றையும் சேர்த்து வாசித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். இரத்தம் உறைந்து நார் நாராகப் பிரியும்போது திரையில் ஒரு வலை தெரியும். மீன்வலை மாதிரி என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். என் கண்ணுக்கு அது மெல்லிசாகப் பிழிந்த இடியப்பத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தது போல இருக்கும். சில நாள் கழித்து அந்த உறைவு சுருங்கி ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கேதான் வில்லங்கம். அவசரமாகப் பார்ப்பவர் கண்ணுக்கு அது "சிஸ்ட்டுக்குள் திண்மப் பகுதி". ஓ-ராட்ஸில் திண்மப் பகுதி உள்ள சிஸ்ட் என்று குறித்த அடுத்த கணமே இலக்கம் 4-க்குப் போய்விடும். அதே படத்தை இரத்தம் கசிந்த சிஸ்ட் என்று அடையாளம் கண்டிருந்தால், பத்து சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பதால், 2. ஒரே படம், இரண்டு வாசிப்பு, ஒரு குடும்பத்தின் ஒரு வாரத்து நித்திரை.

பிரித்தறிவது எப்படி? உறைந்த இரத்தத்தின் விளிம்பு உள்நோக்கிக் குழிந்திருக்கும், அல்லது நேர்கோடாக இருக்கும். உயிருள்ள கட்டியின் விளிம்பு வெளியே புடைத்துக்கொண்டு நிற்கும். புரோப்பால் மெல்லத் தட்டினால் உறைவு ஜெலி மாதிரி ஆடும். பிறகு டொப்ளர். உறைந்த இரத்தத்துக்குள் இரத்தம் ஓடாது, கட்டிக்கு ஓடும், ஓடாமல் அது வளர முடியாது. ஆனால் வயிற்றின் மேலால் பார்க்கும்போது ஆழத்தில் மெதுவாக ஓடும் இரத்தத்தை மெஷின் தவறவிடும். அதனால் வேகத்தைக் குறைத்து வைத்து, பிள்ளையைக் கொஞ்சம் மூச்சைப் பிடிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஓட்டம் தெரிந்தால் அது பெரிய சாட்சி. தெரியாவிட்டால் பாதிச் சாட்சிதான்.

எல்லாவற்றையும்விட நம்பகமான பரிசோதனை ஒன்று இருக்கிறது, அதற்கு மெஷினும் தேவையில்லை. நாட்காட்டி போதும். ஆறிலிருந்து எட்டுக் கிழமை கழித்து, ஒரு மாதவிடாய் முடிந்த கையோடு திரும்ப ஸ்கேன். இரத்தம் கசிந்த சிஸ்ட் என்றால் அதற்குள் சுருங்கியிருக்கும் அல்லது காணாமலே போயிருக்கும். புற்றுநோய் சுருங்காது. "ரெண்டு மாசம் சும்மா இருக்கிறதா?" என்று கேட்பீர்கள். நான் சும்மா இருக்கச் சொல்லவில்லை. அந்த மூன்று இரத்தப் பரிசோதனையும் இப்போதே செய்து, ஓர் அனுபவசாலி இப்போதே ஒருதரம் டொப்ளரோடு பார்த்து, திண்மப் பகுதி இல்லை என்று உறுதியான பிறகுதான் காத்திருப்பது.

பிள்ளைகளில் கத்தி வைத்து எடுக்கும் சூலகக் கட்டிகளில் மிக அதிகம் டெர்மொயிட், அதுவும் நல்ல கட்டிதான். ஸ்கேனில் அதன் முகம் தனி. வெள்ளையாக ஒரு உருண்டை சுவரிலிருந்து தொங்கும், அதன் பின்னால் நிழல் விழுந்து மிச்சத்தை மறைக்கும். உள்ளே மயிர் இருப்பதால் மெல்லிய கோடுகளும் புள்ளிகளும் தெரியும், கொழுப்பு மேலே மிதக்கும். சிலநேரம் பல்லே இருக்கும். ஒருதடவை இதைச் சொன்னதும் ஒரு அம்மம்மா "பிள்ளைக்கு வயித்துக்குள்ள பல்லு முளைச்சிருக்காம், ஆரோ செய்வினை செய்திட்டினம்" என்று வெளியே போய்ச் சொல்லி, வரிசையில் இருந்த ஆறு பேரும் எட்டிப் பார்த்தார்கள். செய்வினை இல்லை. மூலக் கலம் எந்த உறுப்பாகவும் மாறக்கூடியது, அதன் குழப்பம் அது. டெர்மொயிட்டை எடுக்கத்தான் வேண்டும் என்றாலும் ஆரஞ்சுப் பழத்தின் தோலிலிருந்து சுளையை உரிப்பதுபோல கட்டியை மட்டும் உரித்துவிட்டுச் சூலகத்தை விட்டுவைக்கலாம். பத்தில் ஒருவருக்கு அது மற்றப் பக்கத்திலும் வரும், அதனால்தான் ஒன்றை வீணாக எடுக்கக் கூடாது என்று தலையில் அடித்துச் சொல்கிறோம்.

நான் உண்மையில் பயப்படும் படம் இப்படி இருக்கும். எட்டு, பத்து சென்டிமீட்டருக்கு மேல், பெரும்பகுதி திண்மம், நடுவில் இரத்த ஓட்டம், வயிற்றில் வழமைக்கு மேலான நீர். நீர் என்றதும் இன்னொன்று, பெரியபிள்ளையானவர்களுக்கு இடுப்புக்குழிக்குள் கொஞ்சம் நீர் தெரிவது சாதாரணம், அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். அளவு மட்டும் தனியாகச் சாட்சி சொல்லாது. பதினைந்து சென்டிமீட்டர் சுத்த நீர்க்கட்டியைவிட ஐந்து சென்டிமீட்டர் திண்மக் கட்டிதான் எனக்கு அதிகக் கவலை தரும்.

கெட்ட கட்டிகளில் இரத்தப் பரிசோதனை ஸ்கேனுக்குக் கைகொடுக்கும். கருவூண் பைக் கட்டி என்பது ஏஎஃப்பியை ஏற்றும், கிழமைக் கணக்கில் வளரும். டிஸ்ஜெர்மினோமா எல்டிஎச்சை ஏற்றும், படத்தில் மடல் மடலாகத் திண்மமாகத் தெரியும். நான்கைந்து வயதுப் பிள்ளைக்கு மார்பு வளரத் தொடங்கி, மாதவிடாய் மாதிரி இரத்தமும் கண்டால் ஹோர்மோன் சுரக்கும் கட்டியா என்று சூலகத்தைப் பார்த்தே ஆக வேண்டும், அதற்கு இன்ஹிபின் என்ற பரிசோதனை இருக்கிறது. ஒரு எச்சரிக்கை, பிறந்த குழந்தைகளுக்கு ஏஎஃப்பி இயல்பாகவே எக்கச்சக்கமாக இருக்கும், முதல் வருடத்தில் படிப்படியாக இறங்கும். வளர்ந்தவரின் அளவோடு ஒப்பிட்டு லாப் அதற்குச் சிவப்பில் கோடு போட்டிருந்தால் பதறக் கூடாது. இன்னொன்று, இந்தக் குறிகள் எல்லாம் சரியாக இருப்பதாலேயே புற்றுநோய் இல்லை என்றும் ஆகாது. படமும் இரத்தமும் பிள்ளையின் கதையும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே திசையைக் காட்ட வேண்டும்.

இனி என் சொந்தத் தவறு ஒன்று. பயிற்சியில் இருந்த காலம், எந்த வைத்தியசாலை என்பது வேண்டாம். ஒன்பது வயதுப் பிள்ளை, இரண்டு நாள் வயிற்றுக்குத்து, நாலைந்து தரம் சத்தி. வலது பக்கத்தில் ஏழு சென்டிமீட்டரில் ஒரு திண்மப் பிண்டம், சுற்றிலும் நீர். நான் கடகடவென்று "சூலகப் புற்றுக்கட்டி சந்தேகம்" என்று எழுதிவிட்டேன். தாய்க்கு முகம் வெளிறிவிட்டது. எனக்கு மேலிருந்த வைத்தியர் வந்து பேசாமல் புரோப்பை வாங்கி, அந்தப் பிண்டத்தின் ஓரத்தை மட்டும் மெதுவாகச் சுற்றிக் காட்டினார். ஓரம் முழுக்கச் சின்னச் சின்னக் கறுப்பு முத்துகள், மாலை கோத்ததுபோல. பிறகு கருப்பை பக்கமாக நகர்த்தினார். இரத்தக்குழாய்கள் நீர்ச்சுழி மாதிரிச் சுற்றிக்கொண்டு கிடந்தன. சூலகம் முறுகியிருந்தது. முறுகி, இரத்தம் வெளியேற வழியில்லாமல் வீங்கியதால்தான் அது திண்மக் கட்டி வேஷம் போட்டது, ஓரத்து முத்துகள் தள்ளப்பட்ட முட்டைப்பைகள். அன்றிரவே ஒப்பரேஷன். கருநீலமாகச் செத்ததுபோல் இருந்ததாம், சேர்ஜன் முறுக்கை எடுத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டு வந்தார். மூன்று மாதம் கழித்து நானே ஸ்கேன் பார்த்தேன், உள்ளே முட்டைப்பைகளோடு அளவான சூலகம். நான் எழுதிய வரியை நம்பியிருந்தால் அது போயிருக்கும்.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. ஓ-ராட்ஸ் போன்ற அளவுகோலில் முறுகிய சூலகத்தைப் போட்டால் அது உயர்ந்த இலக்கம்தான் வாங்கும், ஏனென்றால் அளவுகோல் படத்தைத்தான் பார்க்கிறது, சத்தியெடுத்துச் சுருண்டு கிடக்கும் பிள்ளையைப் பார்ப்பதில்லை. டொப்ளரில் இரத்த ஓட்டம் தெரிகிறது என்பதற்காக முறுகவில்லை என்றும் சொல்ல முடியாது, சூலகத்துக்கு இரண்டு வழியால் இரத்தம் வருகிறது. ஆகவே தங்கச்சி, இது மட்டும் அவசரம்: உங்கள் மகளுக்குக் குத்து திடீரென்று கூடினால், சத்தி தொடங்கினால், சனலிங்குக்கு இலக்கம் எடுத்துக்கொண்டு இருக்க வேண்டாம். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், வாகனம் இல்லாவிட்டால் 1990 சுவசெரியவுக்கு அடியுங்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேலான சிஸ்ட் தன் பாரத்தால் சூலகத்தை முறுக்கக்கூடியது. இப்போதைக்கு அவளுக்கு உள்ள ஆபத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது கான்சர் இல்லை, இதுதான்.

மச்சாள் சொன்னதற்கு வருகிறேன். அவர் அன்பில்தான் சொல்கிறார். ஆனால் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாகிவிடும். பிள்ளைகளில் ஒப்பரேஷன் வரைக்கும் போகும் சூலகக் கட்டிகளிலேயே பத்தில் ஒன்றோ இரண்டோதான் புற்றுநோய், ஒப்பரேஷன் தேவைப்படாமல் மறையும் சிஸ்ட்டுகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அப்படியிருந்தும் பயத்தில் நல்ல கட்டிக்காகச் சூலகத்தையே எடுத்துவிடுவது உலகம் முழுக்க நடக்கிறது. அமெரிக்காவில் 11 சிறுவர் வைத்தியசாலைகள் சேர்ந்து, ஒப்பரேஷனுக்கு முன்பே ஸ்கேன், இரத்தக் குறிகள், தேவையானபோது மற்ற நிபுணர்களின் கருத்து என்று ஒரு ஒழுங்கு வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2023-இல் வெளிவந்தது. நல்ல கட்டிக்காகச் சூலகம் எடுபட்டது 16.1 சதவீதத்திலிருந்து 8.4 சதவீதத்துக்கு இறங்கியது. புது மெஷின் எதுவும் வாங்கவில்லை, வெட்டுவதற்கு முன் எல்லோரும் ஒருதரம் இருந்து கதைத்தார்கள், அவ்வளவுதான்.

ஒற்றைச் சூலகத்தோடும் மாதவிடாய் வரும், பிள்ளை பெறலாம், அதை மறைக்கவில்லை. ஆனால் மிஞ்சியது பிறகு ஒருநாள் முறுகினாலோ, அதில் டெர்மொயிட் வந்தாலோ என்ன செய்வது? 12 வயதுப் பிள்ளைக்கு முன்னால் நாற்பது வருடம் இருக்கிறது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். ஸ்கேனும் இரத்தமும் உண்மையிலேயே கெட்ட கட்டி என்று காட்டினால், அப்போது தயங்கவும் கூடாது, ஊசி குத்திப் பார்க்கவும் கூடாது. சிஸ்ட்டில் ஊசி விட்டு நீர் எடுத்துப் பார்ப்போம் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். கெட்ட கட்டி வயிற்றுக்குள் உடைந்து சிந்தினால் நோயின் படி ஏறிவிடும், கீமோ மருந்தில்லாமல் முடிய வேண்டியது கீமோவோடு முடியும். முழுதாக, உடையாமல் எடுக்க வேண்டும், அந்த இடத்தில் சூலகத்தைக் கொடுக்கத்தான் வேண்டும். பிள்ளைகளின் மூலக் கலப் புற்றுநோய்கள் பிளாட்டினம் வகை மருந்துக்கு நன்றாகக் கரைபவை, மொத்தமாகப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேர் அளவில் பிழைத்துக்கொள்கிறார்கள். சூலகத்துக்குள்ளேயே அடங்கி முழுதாக எடுபட்டதென்றால் மருந்தே கொடுக்காமல் கண்காணிப்பதும் உண்டு. கெட்ட செய்தியிலும் இது அவ்வளவு கெட்டதில்லை.

சிடி ஸ்கேன் இப்போது வேண்டாம், வீண் கதிர்வீச்சு. எங்கள் ஸ்கேனில் தீராத சந்தேகத்துக்கு எம்ஆர்ஐ நல்லது. கொழுப்பா, பழைய இரத்தமா, உயிருள்ள திசுவா என்று அது பிரித்துச் சொல்லும். அரை மணிக்கு மேல் அசையாமல் படுக்க வேண்டும், 12 வயதுப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தினால் மயக்கமருந்து தேவைப்படாது. சின்னவர்களுக்கு அநேகமாக வேண்டும்.

ஆக, நீங்கள் செய்ய வேண்டியது. ஸ்கேன் எடுத்த இடத்தில் படங்களைச் சீடியில் கேளுங்கள், கடதாசியில் அடித்த நாலு படம் போதாது, கிடைத்தால் அசையும் படங்களையும். இந்தக் கிழமையே பிள்ளைகளைப் பார்க்கும் ஒரு சேர்ஜனிடம் காட்டுங்கள், பொறளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை உங்களிடமிருந்து அரை மணிப் பயணம். புற்றுநோய் வைத்தியர் தேவைப்பட்டால் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் சிறுவர் பிரிவு இருக்கிறது, சேர்ஜனே அவர்களோடு கதைத்துக்கொள்வார், அதுவும் வெட்டுவதற்கு முன்பு. சென்னைக்கு டிக்கெட் போடுவது இந்தப் படியில் தேவையில்லாத செலவு. போகிற இடத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: உள்ளே திண்மப் பகுதி இருக்கிறதா, அதற்குள் இரத்தம் ஓடுகிறதா, வெட்டினால் கட்டியை மட்டும் எடுப்பீர்களா சூலகத்தையும் எடுப்பீர்களா? மூன்றாவதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கையெழுத்து நீங்கள்தான் போடுவீர்கள்.

பிள்ளையிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லுங்கள். கதவுக்கு வெளியே நீங்கள் குசுகுசுத்தால் அவள் அந்த ரிப்போர்ட்டை உங்கள் போனில் தேடி வாசித்துவிடுவாள், அவர்களுக்கு எங்களைவிட வேகம் அதிகம். "சூலகத்தில ஒரு தண்ணிப் பை, இரத்தம் கசிஞ்சிருக்கலாம், ரெண்டு மாசத்தில திரும்பப் பார்ப்பினம்" என்று அவள் பாசையில் சொன்னால் போதும்.

அப்புறம் அந்தச் சலங்கைப் பூஜை. என் மகளாக இருந்தால் திரும்ப ஸ்கேன் பார்க்கும் வரை குதிப்பும் அரைமண்டியில் துள்ளலும் வேண்டாம் என்பேன். முறுகும் பயம் ஒன்று, சிஸ்ட் வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கசியும் பயம் இன்னொன்று. அபிநயம், அடவுகளைக் கையால் பயில்வது, தாளம் போடுவது எல்லாம் செய்யட்டும். ஆசிரியையிடம் உண்மையைச் சொல்லி, ஸ்கேன் நாளுக்கு இரண்டு கிழமை பின்னால் தேதியைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். மண்டபத்துக்கு முற்பணம் கட்டியிருந்தால் இப்போதே போன் பண்ணுங்கள், வெள்ளவத்தையில் சனி ஞாயிறு கிடைப்பதுதான் கஷ்டம்.